கதவுக்குள் மழை

மக்டலீன் எந்தப் படகையும் முதலில் கையால்தான் பார்ப்பாள். உள்ளங்கையை வைத்து முன் அணியத்திலிருந்து பின்கோடிவரை தடவிக்கொண்டு போவாள். குருநகர்க் கரையில் பைபர் படகில் வெடிப்பு விழுந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வெடித்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடி நார்ப்பாயை வெட்டி வைத்து, றெசின் பசை பூசி, அதன்மேல் இன்னொரு பாய் வைப்பாள். காய்ந்த பிறகு, பொழுது படும் நேரத்தில், படகுக்குள் யாராவது விளக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். அவள் வெளியே நின்று பார்ப்பாள். மெலிந்த இடம் மஞ்சளாகத் தெரியும். ஓட்டை இருந்தால் வெளிச்சம் கண்ணில் குத்தும்.

இந்த விளக்கு வழக்கம் ஆறு வருஷத்துக்கு முன் வந்தது. அதுவரை அவளுக்குக் கை போதுமாயிருந்தது. அவள் திருத்திக் கொடுத்த படகில் ஒரு மயிர்வெடிப்பு அந்தக் கைக்குத் தப்பிவிட்டது. படகு அவளுடைய கணவன் சிமியோனுடையது. நடுக்கடலில் தண்ணீர் எடுத்துத் தாழ்ந்தது. வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி பதினொரு மணித்தியாலம் கிடந்தவனை வேறு படகுக்காரர் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அதன் பிறகு சிமியோன் கடலுக்குப் போகவில்லை. ஐஸ் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தான். அவளை ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம். பிறகு கடலிலிருந்து மீட்டு இழுத்துவந்த அந்தப் படகைத் திருத்தி, நிறம் அடித்து, வாசலில் கவிழ்த்து வைத்திருந்தாள். அவன் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். கரை முழுக்க நம்புகிற கையை இந்த மனுஷன் நம்பவில்லை என்றே அவள் எண்ணியிருந்தாள்.

வட்டுக்கோட்டையிலிருந்து ஏர்னெஸ்ட் மாஸ்ரர் தேடி வந்தது புரட்டாதியில். தொழில்நுட்பப் பாடம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். லண்டனிலிருந்த தம்பி நதானியேல், கழற்றிய துண்டுகளாக ஒரு காரை அனுப்பியிருந்தான். பழைய கார் ஒன்றின் அடிச்சட்டத்தில் பைபர் உடலை வீட்டிலேயே பொருத்திப் பூட்டிக்கொள்ளவேண்டும். மாஸ்ரர் ஏழு வருஷமாகப் பூட்டினார். முடிகிற நேரம் மாமரக் கொப்பு முறிந்து விழுந்து முன்மூடியும் இரண்டு கதவுகளும் வெடித்துப் போயின. கராஜ்காரர் கையை விரித்தார்கள். தகரமென்றால் தட்டி எடுக்கலாம், இதைத் தட்டினால் இன்னும் உடையும் என்றார்கள்.

"இது போட் இல்லைப் பிள்ளை. ஆனால் அதே சாமான்தான்" என்றார் மாஸ்ரர், அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வெடித்த கதவைக் காட்டி.

"ஆர் மாஸ்ரர் இதிலை போகப் போறது?"

"என்ரை மனிசி. கார்த்திகையிலை எங்களுக்குக் கலியாணம் முடிச்சு ஐம்பது வருஷம். இதிலைதான் சேர்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"உந்தச் சவர்க்காரப் பெட்டியிலை ஏறுறன் எண்டு நான் இன்னும் சொல்லேல்லை" என்று விறாந்தையிலிருந்து குரல் வந்தது. மாஸ்ரரின் மனைவி பியாட்றிஸ் ரீச்சர் சக்கர நாற்காலியில் இருந்தபடி கொய்யாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். "நடக்கேலாதவளெண்டு கண்டபடி ஏத்தப் பாக்கிறார்."

மக்டலீன் எட்டு நாள் வேலை செய்தாள். படகுக்கு வைக்கிற தடிப்பு இங்கே கூடாது, கதவு சாத்துப்படாது. ஒவ்வொரு பாயாக மெலிதாக வைத்தாள். கடைசி நாள் மாலை கதவுக்குள் விளக்கைச் செருகினாள். வெடிப்பு எதுவுமில்லை. ஆனால் அடிவிளிம்பில், ஒவ்வொரு கதவிலும் நாலு வட்ட வெளிச்சம். எதையோ பூட்டத் துளைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். எட்டையும் அடைத்து, தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். மாஸ்ரர் அடுத்த நாளே சிவப்பு நிறம் அடித்தார்.

கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. விழாவுக்கு முதல்நாள் காலை தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, கார் தண்ணி எடுத்துட்டுது."

ஆறு வருஷத்துக்கு முன் கரையில் ஆட்கள் ஓடிவந்து சொன்னதும் இதே சொல்தான்.  சிமியோன் அவள் முகத்தைப் பார்த்தான். றெசின் வாளியை மோட்டார்சைக்கிளில் கட்டினான்.

வட்டுக்கோட்டையில் மாஸ்ரர் கார்க் கதவை ஆட்டிக் காட்டினார். உள்ளே தண்ணீர் சளக் சளக்கென்றது. மக்டலீன் கதவின் முன் குந்தியிருந்து இரண்டு கையாலும் தடவினாள். மேலே, கீழே, மூலையில். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

"எங்காலை உள்ளுக்கை போனது, மாஸ்ரர்?"

"மேலாலை. கண்ணாடி இறங்கிற நீக்கலாலை. அது போகத்தான் செய்யும். கீழாலை வடியவேணும். அடியிலை நாலு ஓட்டை இருந்ததே, பிள்ளை?"

"அது... அதை நான் அடைச்சனான்."

மாஸ்ரர் குனிந்து கதவின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"பிழை என்னிலை" என்றார் மாஸ்ரர். "நான் சொல்லியிருக்க வேணும்."

விறாந்தையில் ரீச்சர் சிரிக்கத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். "ஏர்னெஸ்ட், ரோட்டை விடும். பண்ணைக் கடலிலை விட்டுப் பாரும், மிதக்கும்!"

மாஸ்ரர் துளைபோடும் மெசினைக் கொண்டுவந்து கொடுத்தார். மக்டலீன் அதை வாங்கினாள், பிடித்தாள், கதவில் வைத்து அழுத்தமுடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பைபரிலும் ஓட்டை போட்டதில்லை.

"தா இஞ்சை" என்றான் சிமியோன். முழங்காலில் நின்று இந்தக் கதவில் நாலு, அந்தக் கதவில் மூன்று துளைத்தான். தண்ணீர் சிவப்புத் தூளோடு அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது. கடைசி ஒன்றை விட்டுவிட்டு மெசினை அவளிடம் நீட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

"கண்ணைத் திறந்து போடடியப்பா. என்ரை காலும் கிட்டத்தான் கிடக்குது."

மதியம் வெயில் எறித்தது. ரீச்சரை மாஸ்ரரும் சிமியோனுமாகத் தூக்கிக் காரில் இருத்தினார்கள். ரீச்சர் கதவைத் தானே சாத்தினார். திறந்து, இன்னொருமுறை சாத்தினார். "பரவாயில்லை. சத்தம் நல்லாயிருக்கு" என்றார். "நாளைக்குப் பத்து மணி ஆராதனை. ஒன்பதுக்கே வெளிக்கிடவேணும் ஏர்னெஸ்ட், உது வழியிலை நிண்டாலும் நிக்கும்."

திரும்பி வரும்போது கல்லுண்டாய் வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர் நின்றது. சிமியோன் வேகத்தைக் குறைத்தான்.

"எட்டும் துளைக்கப் பெரிய பாடாப் போச்சு" என்றான். "அவ்வளவு இறுக்கமா அடைச்சிருக்கிறாய்."

மக்டலீனுக்குக் கேள்வி தானாக வந்தது. "பிறகேன் நான் திருத்தின போட்டிலை நீங்கள் ஏறேல்லை?"

அவன் ரோட்டில் ஒரு பள்ளத்தை விலத்தி மோட்டார்சைக்கிளை ஓட்டினான்.

"போட்டிலை எனக்கென்ன பயம்? அதை நீ திருத்தினது. எனக்குக் கடல்தான் பயம். கானைப் பிடிச்சுக்கொண்டு கிடந்த அண்டையிலிருந்து. கடற்காரன் வெளியிலை சொல்லுற கதையே உது?"

காற்று அவன் சொன்ன கடைசிச் சொல்லைப் பின்னால் கொண்டுவந்தது. மக்டலீன் உள்ளங்கையை அவன் முதுகில் வைத்தாள். காலை மழையில் நனைந்த சட்டை இன்னும் ஈரமாயிருந்தது. ஊருக்குக் கிட்ட நாவாந்துறை வரும்வரை கையை எடுக்கவில்லை.