ஓரகத்தியின் ப்ளூடூத்

ப்ளூடூத் ஹெட்செட் புதிதாக வந்திருந்த சமயம். ஊரப்பாக்கத்தில் நாங்கள் கூட்டுக்குடும்பம். எனக்கும் என் ஓரகத்தி கலாவுக்கும் கொழுந்தனார் ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்து, அவரவர் செல்போனோடு இணைத்தும் கொடுத்தார்.

அன்று சமையலறையில் சார்ஜ் போட்டிருந்த ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன். மணி அடித்ததும் பொத்தானை அழுத்தினேன். பேசியது மாமல்லபுரத்திலிருந்து கலாவின் அம்மா!

"இன்னாம்மா, வாந்தி நின்னுச்சா? கொழந்த இல்லாத உன் ஓரகத்திக்கு மனசு நோவும்னு எத்தினி நாளு மறைச்சிகினு இருப்பே? வவுறு காட்டிக் குடுத்துடுமே!"

என் காதில் இருப்பது கலாவுடையது என்று அப்போதே புரிந்துவிட்டது. 'நான் கலா இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ "ம்" என்றேன். கடைசிவரை கேட்டேன்.

என் சமையல் பிடிக்காமல்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகிறாள் என்று, அந்த வாரம் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவள் நான்.

மொட்டை மாடிக்கு ஓடினேன். ஈரத்துணி வாளியைத் தூக்கப் போன கலாவிடமிருந்து அதைப் பிடுங்கினேன்.

"உங்கம்மா போன் பண்ணாங்க. நான்தான்டி எடுத்தேன்."

என் காதைப் பார்த்தவள், "மறைச்சிட்டேன்னு கோச்சிக்காதக்கா" என்று அழுதாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், கேட்டவள் அவள்!

இப்போதெல்லாம் ஹெட்செட்டில் யார் அழைத்தாலும், 'ஹலோ'வுக்கு முன்பே என் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.