கதவுக்குப் பின்னால் தொங்கும் கொப்பி

பழிவாங்க அரிவாளைத் தூக்க வேண்டுமென்று யார் சொன்னது? நான் பட்டப்பகலில், அரசாங்கக் கந்தோரில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பழிவாங்கியவள். இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணனை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட மூன்று வயது மூத்தவர். தலைக்குள் குரல்கள் கேட்கிற வருத்தம் அவருக்கு. மாதம் ஓர் ஊசி போட்டால் நம்மைப் போலத்தான். கடற்கரை வாடியில் கருவாடு காயவைப்பார், கிரிக்கெட் பார்ப்பார், நான் ஆக்குகிற மீன் ஆணத்தில் உப்பில்லை என்பார். கிளினிக்குக்குப் போகிற பஸ்ஸில் எவனோ ஒருவன் "விசரன்" என்று சொல்லிச் சிரித்த நாளிலிருந்து பஸ் ஏற மாட்டேன் என்றுவிட்டார். நான் கிளினிக்கில் போய்ச் சொன்னேன். "வராட்டி வீட்டுக்கே வந்து ஊசி போடணும், அதுதான் எங்கட வேலை" என்றார் வெளிக்கள அலுவலர். அதை அப்படியே நானாவிடம் சொன்னேன்.

நாலு மாதம் ஈ காக்கைகூட வரவில்லை. ஃபோன் எடுத்தால் அந்த அலுவலர் "இந்தக் கிழமை வாறன் ராத்தா" என்பார். மடச்சி, நானும் நம்பினேன்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நானா கழுத்தளவு கடலுக்குள் நடந்து போய்விட்டார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பாய்ந்து பிடித்தார்கள். திரும்பவும் போய்விடுவாரோ என்ற பயத்தில் இரண்டு கையையும் தோணிக் கயிற்றால் தென்னையோடு கட்டிவைத்தார்கள். நான் ஓடிப்போன நேரம் மணிக்கட்டுத் தோல் உரிந்து கிடந்தது. "அவிழ்த்து உடு புள்ள, நான் ஓட மாட்டன்" என்றார். யா அல்லாஹ், அந்தச் சொல்லை நான் மவுத்தாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நாலு மாசமும் வீட்டுக்கு வந்து ஊசி போட்டதாத்தானே எழுதியிருக்கு?"

"எந்த வீட்டுக்கு டொக்டர்?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து முன்கதவைச் சாத்தினேன். கதவுக்குப் பின்னால் டெங்கு அட்டை. நுளம்பு பார்க்க வருகிறவர்கள் தேதி போட்டு அதில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். அந்த நாலு மாதத்தில் மூன்று கையெழுத்து இருந்தது. பூச்சாடித் தண்ணீரைப் பார்க்க மூன்று தரம் வந்திருக்கிறார்கள், மனிசனைப் பார்க்க ஒருதரம்கூட ஆளில்லை! அட்டையைக் கிழியாமல் கழற்றி எடுத்தேன்.

எங்கள் பகுதியின் உளநலக் கூட்டம் மாதம் ஒருமுறை கந்தோரில் நடக்கும். சுகாதாரம், சமூக சேவை, பொலிஸ், கிராம சேவகர், பள்ளிவாசல், எல்லாருக்கும் அங்கே கதிரை உண்டு. பள்ளிவாசல் கதிரை மட்டும் எப்போதும் காலி. அதை எனக்குத் தாருங்கள் என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேட்டேன்.

"பொம்புளப் புள்ள அங்க போய் என்னத்தக் கதைக்கிற?" என்றார் தலைவர்.

"நீங்க போய் என்னத்தக் கதைச்சீங்க ஹாஜியார்?"

பள்ளிவாசல் சார்பில் நான் போகலாம் என்ற கடிதம் கையில் கிடைத்தது.

கூட்டத்தில் அலுவலர் எழுந்து, பட்டியலிலுள்ள வீடுகளையெல்லாம் பார்த்து முடித்ததாக வாசித்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை. நான் டெங்கு அட்டையை மேசையில் வைத்தேன்.

"நுளம்பு பார்க்க வந்த ஆக்கள்ற கையெழுத்து இது. நீங்களும் வந்திருந்தா சொல்லுங்க சேர், எங்கட வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்து இரிக்கி?"

திருதிருவென்று முழித்தார். "ரோட்டுப் பக்கம்."

"களப்புப் பக்கம், சேர்."

பிறகு சொன்னார், இவ்வளவு பெரிய இடத்துக்குத் தான் ஒரே ஆள், வாகனமும் இல்லை என்று. அது உண்மைதான், எனக்கும் தெரியும். வரவில்லை என்று எழுதியிருந்தால் நானே அவருக்காகச் சண்டை பிடித்திருப்பேன். வந்தேன் என்றல்லவா எழுதினார்!

கூட்டத்தை நடத்திய பிரதேச செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்ன செய்யச் சொல்றீங்க? இடமாற்றமா?"

இடமாற்றமா? இன்னோர் ஊரில் போய், இன்னொருத்தியின் நானாவைப் பார்த்ததாக எழுதவா?

"வேணாம் மிஸ். இவரேதான் வரணும். பட்டியல்ல இரிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் மாசா மாசம் வரணும். டெங்கு அட்டை மாதிரி வீட்டுக்கு ஒரு கொப்பி தொங்கணும், வந்த ஆள் கையெழுத்து வைக்கணும். கொப்பிகள நான் அள்ளிக்கொண்டு வந்து இந்த மேசையில வைப்பன், நீங்க பாருங்க. வாகனமில்லாட்டி கிராம சேவகர்ர மோட்டார் சைக்கிள் இரிக்கி, பள்ளிவாசல் ஆட்டோ இரிக்கி."

கிராம சேவகர் இருமினார். அம்மா எழுதிக்கொண்டார்.

அலுவலர் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால், மணலில் புதைந்து புதைந்து. அவருடைய கதிரையை நானாவின் கைகளுக்கு நேரே போட்டேன். ஊசி போடக் கையைப் பிடித்தவர் தழும்பைப் பார்த்தார். நல்லாப் பாரு என்று மனதுக்குள் கறுவினேன். தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. அடுத்த மாதமும் அதே கதிரை, அதே இடம். பொய்க் கோப்பைப் பற்றி நானாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அலுவலர் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று வாசலில் வைத்தே அவரிடம் சொல்லிவிட்டேன்.

நாலாவது தரம் வந்தபோதுதான் அவர் வாய் திறந்தார். அன்றைக்கு நானாவே பிளேன்டித் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். மனிதருக்குக் கோப்பையை வாங்கக் கை வரவில்லை.

"நானா, அந்த நாலு மாசம் நான் வந்ததா எழுதின. ஆனா நான் வரல்ல."

"தெரியும் சேர்" என்றார் நானா. "நீங்க வருவீங்கெண்டு தங்கச்சி சொன்ன. ஒவ்வொரு நாளும் சேட்டுப் போட்டுக்கொண்டு வாசல்ல இருந்தன்தானே."

அலுவலர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் நானாவின் முகத்தைப் பார்க்காமல் கதவுக்குப் பின்னால் போய், கொப்பியை எடுத்து வந்து, கையெழுத்து வைக்கச் சொல்லி அவரிடம் நீட்டினேன்.