ராடார் வரட்டும், கல்யாணம் பேசலாம்

எங்கள் அக்கா செல்வமேரியைப் பெண் பார்க்க வரும் தைரியராஜுக்கு விமானப்படையில் வேலை என்று தரகர் சொன்னதும், அவர் விமானம் ஓட்டுகிறவர் என்று தென்னூரில் எங்கள் தெருவே முடிவு கட்டிவிட்டது. உண்மையில் அவர் அதுவரை ஒரே ஒரு தடவைதான் விமானத்தில் ஏறியிருந்தார், அதுவும் மூட்டைகளோடு மூட்டையாக. அவருடைய வேலை, தரையில் உட்கார்ந்துகொண்டு விமானம் வருகிறதா என்று பார்ப்பது.

ராஜஸ்தானத்து மணல்மேட்டில் ஒரு கூடாரம். ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு பைனாகுலர், மாற்றி மாற்றிக் காவல் இருக்க மூன்று பேர். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விமானம் கண்ணில் பட்டாலோ காதில் விழுந்தாலோ, எத்தனை, எவ்வளவு உயரம், எங்கிருந்து எங்கே என்று மூச்சு விடுவதற்குள் சொல்லியாக வேண்டும். மற்ற நேரமெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்து, அதற்காக அடி வாங்கிய வேலைக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அது எண்பத்தொன்றாம் வருஷம், அக்டோபர். லீவில் வந்திருந்தார். முப்பது வயசு தாண்டிய ஒல்லி ஆள். வெயிலில் சுருக்கிச் சுருக்கி, கண்ணுக்கு இரண்டு பக்கமும் கோடு விழுந்திருந்தது. எங்கள் அம்மா உயிரோடு இல்லாததால், காபி கொண்டுவந்து வைத்தது ரோசரி அத்தை, அப்பாவின் தங்கை. கூட்டுறவு சங்கத்தில் டைப் அடிக்கிற அக்கா, கதவோரம் நின்றபடி தானே வாயைத் திறந்தாள்.

"பாலைவனத்துல என்ன சாப்பிடுவீங்க?"

"மணல்தாங்க. தொட்டுக்க ரெண்டு சப்பாத்தி."

அக்கா சிரித்துவிட்டாள். அதற்கு முன்னால் மூன்று வரன்கள் வந்து பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். எவரும் அவளைச் சிரிக்க வைத்ததில்லை. வரன் தட்டிப்போனதற்கு அவள் அழுததும் இல்லை. டைப்ரைட்டர் ரிப்பனை மாற்றுகிற முகத்தோடு அடுத்த நாள் வேலைக்குப் போவாள். இந்தத் தடவை அந்த முகம் வராது என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கரை சகாயமாதா கோயில் பூசையில் வினை வந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆரம்பித்தாள்.

"அண்ணே, எழுந்தேற்றத்தப்போ, சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுற நேரம், ஊரே தலை குனிஞ்சு கண்ணை மூடியிருக்கு. இந்தாளு மட்டும் கண்ணை அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு உருட்டுறான். பொம்பளைங்க பக்கத்தையும் விட்டு வைக்கல."

"அப்ப உங்க கண்ணு எங்க இருந்துச்சு அத்தை?" என்று கேட்டேன். கரண்டிக் காம்பு முட்டியில் விழுந்தது.

அப்பா இருதயநாதன் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், டி.டி.ஆர். யார் எது சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது அவர் தொழில். "பூசையில கண்ணை மேய விடுறவன், நாளைக்கு எங்கெங்க மேய விடுவானோ" என்றார். ஆனாலும் டிக்கெட்டைத் திருப்பிப் பார்க்காமல் ஆளை இறக்கிவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அக்டோபர் ஜெபமாலை மாதம், தினம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு முறை. அதற்குத் தைரியராஜையும் கூப்பிட்டார், பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம் என்று.

முன்னறையில் எல்லாரும் முழந்தாளிட்டிருந்தார்கள். அவர் பின்வரிசை. உதடு ஜெபம் சொல்கிறது, கண் மட்டும் ஓட்டுக்கூரையில் மெதுவாக ஊர்கிறது. நான் வாசற்படியில் இருந்தேன். கையில் பழைய காலண்டர் தாள் ஒன்று இருந்தது. மடித்தால் ஏரோப்ளேன் ஆகிற தாள்தான். "அருள் நிறைந்த மரியே" என்று அப்பா தொடங்கியபோது விட்டேன். தலைகளுக்கு ஒரு முழம் மேலே அழகாகப் போனது.

"ஒன் ஏர்கிராஃப்ட்! வெரி லோ! நார்த் டு சவுத்!"

வீடே அதிர்ந்தது. ஏரோப்ளேன் அத்தையின் கொண்டையில் குத்தி நின்றது. ஜெபம் சொல்ல வந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அக்கா எழுந்து அடுப்படிக்கே ஓடிவிட்டாள். அப்பா என்னைப் பார்த்து, "உனக்கு அப்புறம் இருக்கு" என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

"கண்ணை மூடவே மாட்டீங்களா தம்பி?"

வியர்த்துப்போன தைரியராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நடுப்பகலில், காவல் நேரத்தில், ஊர் நினைப்பில் கண்ணை மூடி மூவேளை ஜெபம் சொல்லியிருக்கிறார். தலைக்கு மேலே ஒரு சத்தம். திறந்து பார்த்தால் வானம் காலி. அது ஒத்திகைக்காக வந்த நம்முடைய விமானம்தான். ஆனால் எந்தத் திசையில் போனது என்று வயர்லெஸில் கேட்டார்கள்.

"குத்துமதிப்பா கிழக்கேன்னு சொல்லியிருக்கலாம். கூட இருந்தவங்களும் அதைத்தான் சொல்லச் சொன்னாங்க. நான் பாக்கல, கண்ணை மூடியிருந்தேன்னு சொல்லிட்டேன். புரோமோஷனை நிறுத்தி வெச்சுட்டாங்க. அன்னையிலேர்ந்து ஜெபம்னு உட்கார்ந்தா இமை இறங்க மாட்டேங்குது மாமா."

அதோடு பெண்கள் பக்கத்து வழக்கு தள்ளுபடி ஆனது. அப்பா விடவில்லை. அவருக்கு இப்போது வேறு கவலை பிடித்துக்கொண்டது. இந்த ஆள் எத்தனை வருஷம் மணல்மேட்டில் உட்கார்ந்திருப்பார்? மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவளைக் குவார்ட்டர்ஸில் தனியாக விட வேண்டுமா?

மறுநாள் சாயங்காலம் அதைக் கேட்கவே அவரையும் கூடவே என்னையும் மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம், "காத்து வாங்கத்தான் போறோம், உச்சிப் பிள்ளையாருக்கும் நமக்கும் சண்டை ஒண்ணும் இல்ல" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். மேலே நின்றால் காவிரி, அதற்கு அப்பால் சாரம் கட்டின ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம், கொள்ளிடம் தாண்டி மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் புகை எல்லாம் தெரிந்தது.

"இங்கேர்ந்து கோபுரம் தெரியுதில்ல மாமா? தென்னமர உச்சியெல்லாம் தெரியுது. அந்த மரத்துக்குப் பின்னாடி கரையோரமா ஒருத்தன் சைக்கிள்ல போனா தெரியுமா?"

"தெரியாது."

"ராடாரும் அப்படித்தான். நம்ம கவர்மெண்ட் வெளிநாட்டுலேர்ந்து வாங்கி வெச்சிருக்கிற பெரிய ராடார், உசரத்துல வர்றதை எவ்வளவோ தூரத்துலயே பிடிச்சிடும். தரையை ஒட்டி வந்தா ஏமாந்துடும். பூமி வளைஞ்சு போகுது, அது நேராத்தான் பாக்கும். அந்தச் சைக்கிள்காரனுக்குத்தான் நான்."

"இதுக்கு மெஷினே கிடையாதா?"

"இருக்கு. தாழ வர்றதைப் பாக்குறதுக்குன்னே தனி ராடார். வாங்கப் போறாங்கன்னு பேப்பர்லயே வந்திருக்கு."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது தீர்ப்பு வரப்போகிற அடையாளம்.

"அப்ப சரி. அந்த ராடார் வரட்டும். உங்களை மேட்டுலேர்ந்து இறக்கட்டும். கல்யாணம் பேசலாம்."

இப்படியாக எங்கள் அக்காவின் கல்யாணம் இந்திய அரசாங்கத்தின் கொள்முதலோடு முடிச்சுப் போடப்பட்டது.

நாடு ராடார் வாங்குகிற வேகத்தைப் பற்றித் தென்னூரில் எங்கள் அளவுக்குக் கவலைப்பட்ட குடும்பம் இருந்திருக்காது. வாங்கலாம் என்றார்கள். எந்த நாட்டில் என்று பேசினார்கள். விலை பேசக் குழு போனது, குழு திரும்பியது. நாமே செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நான் டீக்கடையில் எல்லாப் பேப்பரையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து அக்காவிடம் சொல்வேன். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை அப்படிப் படித்திருந்தால் பத்தாவது தாண்டியிருப்பேன். சில நாள் ஒன்றுமே இருக்காது. வந்துவிட்டது என்று ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லலாமா என்று வாய் துறுதுறுக்கும். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அதனால் சொல்லவில்லை.

தைரியராஜிடமிருந்து கடிதம் வரும். அதில் வேலையைப் பற்றி எழுதக் கூடாது என்பதால் வெயிலைப் பற்றி எழுதுவார். எந்த மாதம் வந்தாலும் வெயில்தான். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். இரண்டாம் வருஷம் தரகர் வேறு ஒரு வரன் கொண்டுவந்தார், துறையூரில் உரக்கடை. அவள் தலைவலி என்று படுத்தவள் தரகர் போன பிறகுதான் எழுந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது ஆகியிருந்தது. அத்தை ஜாடை பேச ஆரம்பித்திருந்தாள்.

அதைப் பார்த்து அப்பாவுக்கும் பொறுமை போயிற்று. மாப்பிள்ளையிடம் கடிதத்தில் கேட்க முடியாது, பேப்பரும் சொல்ல மாட்டேன் என்கிறது. மதுரை லைனில் ஒரு நாள் லீவில் வந்துகொண்டிருந்த ராணுவ வீரர் ஒருவரின் டிக்கெட்டைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்: "தம்பி, பார்டர்ல நம்ம புது ராடார் வந்து இறங்கிடுச்சா? எவ்வளவு தாழ வரைக்கும் பாக்குது?"

அந்த வீரர் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய் ரயில்வே போலீஸைக் கூட்டி வந்தார்.

அன்றைக்குக் கூட வேலையில் இருந்த டி.டி.ஆர். ஷேக் தாவூது மாமாதான் அப்பாவை வீட்டில் கொண்டுவந்து விட்டார். "உங்க அப்பாவை உளவாளின்னு உக்கார வெச்சுட்டாங்கம்மா" என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "இன்ஸ்பெக்டர் எதுக்குய்யா ராடாரைப் பத்திக் கேட்டேங்கிறாரு. இவரு, மகளுக்குக் கல்யாணம் சார்ங்கிறாரு. ராடாருக்கும் கல்யாணத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு அவரு எகிறுறாரு. இவரு மலைக்கோட்டைலேர்ந்து ஆரம்பிக்கிறாரு. நான் போய்ச் சத்தியம் பண்ணி இழுத்துட்டு வந்தேன்."

அப்பா சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "செல்வி, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். அக்காவும் சிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தாள்.

எண்பத்து மூன்று அக்டோபரில் தைரியராஜ் மறுபடி லீவில் வந்தார். தலையில் நரை எட்டிப் பார்த்தது. அப்பா அவரை உட்காரக்கூட விடவில்லை.

"வந்துடுச்சா?"

"எங்க பக்கத்துக்கு வந்துடுச்சு மாமா."

அத்தை அடுப்படியில் சர்க்கரை டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார். அந்த வார்த்தையை அவர் அதுவரை சொன்னதில்லை.

தைரியராஜ் உட்காரவில்லை.

"ராடார் வந்துடுச்சு. ஆனா எங்க போஸ்ட்டை எடுக்கல. மேட்டுக்குப் பின்னாடி அதுக்கும் தெரியாது. ரிப்பேருக்கு நின்னா கடல் தாண்டி சாமான் வரணும். அது வரைக்கும் யாராவது பாத்தாகணுமில்ல? இன்னும் எத்தனை வருஷம்னு எனக்கே தெரியாது மாமா."

அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றார். "அப்ப பேசினது பேசினதுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது.

தைரியராஜ் தலையாட்டினார். செருப்பை மாட்டப் போனார். அப்போது அக்கா வெளியே வந்தாள்.

"அப்பா, வந்துடுச்சுன்னு சொன்னதோட நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அப்பா அவளைப் பார்த்தார்.

"நீங்க மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாச்சு. அத்தை கேசரி கிண்டப் போயாச்சு. போஸ்ட்டைப் பத்தி உங்களுக்கு யாரு சொல்லப் போறா? கல்யாணம் முடிஞ்சு நான் அங்க போய்த்தான் தெரிஞ்சிருக்கும். இவரு சொன்னாரு. ஏன் சொன்னாரு?"

தைரியராஜ் ஒரு காலில் செருப்போடு நின்றார். வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்து நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"மணல்மேட்டுல இருக்கிறவரை நான் கட்டிக்கிறேன்ப்பா" என்றாள் அக்கா. "தனியா இருக்கிறதுன்னா இங்க மட்டும் என்னவாம்?"

அப்பா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "என் சர்வீஸ்ல, டிக்கெட் இல்லைன்னு தானா வந்து சொன்னவங்களை ஒரு கையில எண்ணிடலாம். அவங்களை நான் இறக்கி விட்டதில்ல. ரூல்ஸ் வேற." அப்புறம், "அந்தச் செருப்பைக் கழட்டுங்க மாப்பிள்ளை, கேசரி ஆறுது" என்றார். கேசரி அப்போது அடுப்பில்கூட ஏறவில்லை.

கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்கிற கல்யாண ஓலைக்குப் பெயர் கொடுக்க அப்பாவோடு நானும் போனேன். பங்குச்சாமியார் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். விமானப்படை என்று சொன்னால் முடிந்துவிடும்.

"வானத்தைப் பாக்குற வேலை சாமி" என்றார் அப்பா. "மெஷின் வாங்கியும் இன்னும் தீரல."