மாதம் நாலு டாலர் போன்

பெர்னடெட் வொலெட் தன் தம்பி க்ளோவிஸின் முன்பல்லை இந்த ஏப்ரலுக்கு முன்பே மூன்று முறை உடைத்தவள். முதல் முறை உடைந்தது பால்பல் என்பதால் எங்கள் குன்றில் யாரும் அதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

அம்மா சாகும்போது குன்றுமேல் வீட்டை மகளுக்கும், அடிவாரத்தில் தார்ச்சாலை ஓரத்து வீட்டை மகனுக்கும் எழுதிவைத்தாள். மகனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. போன இலையுதிர்காலத்தில் அக்கா வீட்டுத் தொலைபேசிக் கம்பத்தைக் கோடாரியால் சாய்த்தான். கேட்கப் போன பெர்னடெட்டுக்கு மணிக்கட்டு முறிந்தது, அவனுக்கு மூக்கு.

மணிக்கட்டு கூடிவிடும். வேலை? வழியில் நின்றுபோன கார்களின் அழைப்பை வீட்டிலிருந்தே எடுத்து, இழுவை வண்டியை அனுப்புவது அவள் பிழைப்பு. மூன்று அழைப்பு தவறினால் சீட்டுக் கிழிந்துவிடும். கம்பத்தை மறுபடி நட தொள்ளாயிரம் டாலர் கேட்டார்கள். செல்போன் சிக்னல் எங்கள் மேட்டை எட்டியதே இல்லை. கூரைமேல் இருந்த டிஷ் வழியாக வரும் இணையம்தான் மிச்சம்.

அதன் வழியாகப் பேச முதலில் ஒரு இலவசச் செயலி. பள்ளத்தில் கவிழ்ந்தவன் கத்தியது அவன் போனை வைத்த பிறகு வந்து சேர்ந்தது. ஒன்று தவறியது. ஹெட்செட் விறகடுப்புக்குள் போனது. அடுத்தது மாதம் முப்பத்தைந்து டாலர் சேவை. குரல் தேன், கட்டணம் தேள். அதை விட்டு மாறிய நாளில் இன்னொன்று தவறியது. மூன்றாவதாக இணையத்தில் மாட்டும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினாள். பழைய போனையே அதில் சொருகலாம், மாதம் நாலே டாலர்.

படிவத்தில் இரண்டு முகவரி கேட்டிருந்தது: பார்சலுக்கு ஒன்று, அவசர உதவி வரவேண்டிய இடத்துக்கு ஒன்று. பனி உருகும் சேற்றுக் காலத்தில் பார்சல் வண்டி மேலே ஏறாது. அதனால் நாங்கள் எல்லோரும் க்ளோவிஸின் கதவு எண்ணைத்தான் எழுதுவோம். பெர்னடெட்டின் கை பழக்கத்தில் இரண்டு கட்டத்திலும் அதையே எழுதியது.

ஏப்ரலில் ஒரு காலை. வார்ப்பிரும்புச் சட்டியில் அவள் ப்ளாய் அடை சுட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் மோட்டார் ரம்பம் உறுமியது.

"அக்கா, வெளிய வா. இல்லன்னா தாழ்வாரம் உன் தலைமேல வரும்."

"அடை ஆறிடும்டா. அறுத்துக்கிட்டே இரு."

அவசர உதவிக்குப் போன் அடித்தாள். "உங்க அட்ரஸ் திரையில இருக்கும்மா, வண்டி கெளம்பியாச்சு" என்றார்கள். வைத்த நொடியில் வேலை அழைப்பு மணியடித்தது. தாழ்வாரத்தின் முதல் தூண் விழுந்தது. எடுத்தாள்.

"சொல்லுங்க சார், வண்டி எங்க நிக்குது?"

ரம்பம் கதவைப் பிளந்து உள்ளே வந்தது, பின்னாலேயே க்ளோவிஸ். சுடச்சுட இருந்த சட்டி அவன் காதில் இறங்கியது. காதில் ஒரு அடை ஒட்டிக்கொண்டது. விழுந்த ரம்பம் மேசைக்கால் இரண்டைத் தின்றுவிட்டு, அவன் பூட்ஸ் நுனியையும் சுண்டுவிரலையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

"பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா சார்?" அடுத்த அடி தாடையில். பால்பல்லையும் சேர்த்தால் நாலாவது பல்.

"அந்தப் பக்கம். அங்க என்னம்மா சத்தம்?"

"வீட்டு வேலை நடக்குது சார். நாப்பது நிமிஷத்துல வண்டி வந்துடும்."

தம்பியின் காலைத் துண்டால் இறுகக் கட்டிவிட்டு, அவன்மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். போலீஸ் வரவில்லை. அவர்கள் அடிவாரத்தில் க்ளோவிஸின் கதவை உடைத்து, உள்ளே ரத்தச் சுவடைப் பார்த்துப் பதறி, அது முடிந்த இடத்தில் வேட்டைக்குத் தடையுள்ள பருவத்தில் சுட்ட மூஸ் மான் இரண்டு தொங்குவதைக் கண்டு நின்றார்கள். அவள் மறுபடி போன் செய்த பிறகுதான் மேலே வந்தார்கள்.

"அக்கா, போலீஸ என் வீட்டுக்கு நீ வேணும்னே அனுப்புன."

"எனக்கு அவ்வளவு மூளை இருந்தா உன்கூடப் பொறந்திருப்பேனாடா?"

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியதும், சட்டியைக் கழுவுமுன், அவசர உதவிக் கட்டத்தில் முகவரியைத் திருத்தினாள். மாலையில் மேலாளர் பிரிசில்லா அழைத்தாள். அழைப்புகளின் பதிவைக் கேட்பது அவள் வேலை.

"பெர்னடெட், காலைல லைன்ல ஏதோ இரைச்சல்."

"அது லைன் இல்ல மேடம், என் தம்பி."

"அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொரு அடியும் தெளிவா விழுது. மாசம் எவ்வளவு குடுக்கற?"

"நாலு டாலர்."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது.