பேதுருவின் குதிகால்

சாந்தகுமாரிடம் யாராவது “எந்த ஊர்?” என்று கேட்டால், “திருநெல்வேலிப் பக்கம்” என்பான். “பக்கம்னா எங்க?” என்று மேலும் நோண்டினால், ஆராதனைக்கு நாற்காலி அடுக்கப் போய்விடுவான். நம்ம ஆட்களுக்குப் பக்கம் போதாது. ஊர் வேண்டும், ஊருக்குள்ளே தெரு வேண்டும். தெரு தெரிந்துவிட்டால் அப்புறம் எதுவுமே கேட்கமாட்டார்கள்.

கட்சிகளுக்குச் சுவரெழுத்து எழுதிச் சம்பாதித்துத்தான் அவன் எம்.சி.ஏ. முடித்தான். வீட்டில் முதல் டிகிரி அது. தொண்ணூற்றெட்டில் ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்கு நியூ ஜெர்சி வந்தவனுக்கு வெஸ்ட் வின்ட்சரில் ஓர் அறையும், பேச ஆளில்லாத சனிக்கிழமைகளும் கிடைத்தன. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க் போய் மியூசியத்தில் பொழுதை ஓட்டுவான்.

அங்கே ஓர் அறை முழுக்கப் பழைய மரப்பலகைச் சாமி படங்கள். பின்னால் தகதகவென்று தங்கம், ஒடிசலான விரல்கள். ஒரு படத்தின் கீழே, வரைந்தவர் பெயர் தெரியாது, ஜெர்மனிக்காரர் என்று சிலரும் பொஹீமியாக்காரர் என்று சிலரும் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தது. பெயரே தெரியாத ஒருத்தனை எங்கள் ஆள், எங்கள் ஆள் என்று இரண்டு நாட்டுக்காரர்கள் அடித்துக்கொள்வதை அவனால் நம்பவே முடியவில்லை. வாரா வாரம் அதன் முன்னால் போய் நின்றான்.

பனிக்காலம் வந்தது. கடையில் ஒட்டுப்பலகையும் தங்கப் பெயின்ட்டும் வாங்கி வந்து வரையத் தொடங்கினான். இயேசு குனிந்து பேதுருவின் காலைக் கழுவுகிற படம். பின்னால் தங்கம், ஓரத்தில் செம்மண், இரண்டு பனை. பேதுருவின் குதிகாலில் மட்டும் ஆழ ஆழமாய்ப் பித்தவெடிப்பு.

மாதம் ஒருமுறை, ஒரு வெள்ளைக்காரச் சர்ச்சின் பேஸ்மென்ட்டில் தமிழ் ஆராதனை நடக்கும். நாற்காலி போடுகிறவன் என்பதால் சாவி அவனிடம் இருந்தது. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் போய், படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டான். யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று ஆசை. கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயம். சர்ச்சுக்காரர்கள் எங்கிருந்தோ வாங்கி மாட்டியது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

“இந்தக் குதிகாலப் பாருங்க. வெள்ளைக்காரனுக்கு இது வருமா? இது எங்க நாகர்கோவில்காரன் கைதான்” என்றார் ஜெயலீலா ஆண்ட்டி.

“ஆண்ட்டி, அந்தச் செம்மண்ணப் பாத்தீங்களா? அப்படியே தூத்துக்குடி” என்றான் ஜாய். சாந்தகுமாரை எப்போதும் காரில் ஸ்டேஷனில் விடுகிறவன் அவன்.

“ஒங்க ஊர்ல உப்பத் தவிர என்னலே இருக்கு?”

“அதப் போட்டுத்தான ஆண்ட்டி மீன்கொழம்பு வைக்கீங்க?”

பின்வரிசையில் சாந்தகுமாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரயிலிலும் தனியாகச் சிரித்தான். அமெரிக்கா வந்ததிலிருந்து அவனுக்கு அவ்வளவு நல்ல ஞாயிற்றுக்கிழமை வாய்த்ததில்லை.

அடுத்த மாதமும் சண்டை ஓயவில்லை. பாஸ்டர் ஓர் அட்டையை நீட்டினார். “சாந்தா, ஒன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். வரைஞ்சது யாரு, எந்த ஊருன்னு எழுதி மாட்டிரு, பஞ்சாயத்து முடியட்டும்.”

‘வரைந்தவர்: பெயர் தெரியவில்லை’ என்று எழுதினான். ‘ஊர்’ என்று எழுதியதும் முதுகுக்குப் பின்னால் கூட்டம் கூடிவிட்டது.

“நாகர்கோவில்னு போடு மக்ளே.”

“மச்சான், தூத்துக்குடி. ஒன்ன டிராப் பண்றவன் நான், மறந்துராத.”

பேனா நின்றது. பிறகு மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினான்: ‘நெருஞ்சிக்குளம் காலனி.’

“காலனியா?” ஜெயலீலா ஆண்ட்டியின் குரல் இறங்கியது. “இத யாரு சொன்னா?”

“நான்தான் ஆண்ட்டி வரைஞ்சேன். அது எங்க அப்பா காலு.”

எல்லோரும் இன்னொரு முறை படத்தைப் பார்த்தார்கள். யாரோ “நல்லாருக்கு” என்றார்கள். சாப்பாடு ஆறுகிறது என்று ஆண்ட்டி நகர்ந்தார். கிளம்பும்போது ஜாய், “மச்சான், இன்னைக்கு கார் ஃபுல்லுடா” என்றான். பின்சீட்டில் அவன் ஜாக்கெட் மட்டும் கிடந்தது. சாந்தகுமார் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

அடுத்த மாதமும் முதல் ஆளாக வந்து கதவைத் திறந்தான். படம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் கீழே மாட்டிய அட்டையையும் யாரும் தொடவில்லை. சொன்ன பிறகும் அதில் பெயர் தெரியவில்லை என்றே இருந்தது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான். மேலே ‘ப. சாந்தகுமார், எம்.சி.ஏ.’ என்று அச்சுப்போல எழுதினான்.

பிறகு எல்லோருக்கும் நாற்காலி போட்டான். ஆராதனை முடிந்தும், அது எங்கள் ஊர்ப் படம் என்று யாரும் சண்டை பிடிக்கவில்லை.