மில்லை ஏற்றிப் பார்த்த நாள்

எங்கள் சங்கத்தின் பெயர் பலகையை விட நீளமானது. வன்னிப் பிரதேசத்தில் புதுத் தொழில்களுக்கு முதல் போடுகிறவர்களின் சங்கம் என்பதை ஒரே வரியில் எழுத வந்த ஆர்ட்டிஸ்ட், பாதியில் பலகை முடிந்துபோனதால் மிச்சத்தைச் சுவரில் எழுதினார். முதல் மழைக்குச் சுவரில் இருந்தது கரைந்துவிட்டது. எஞ்சியது 'வன்னிப் பிரதேசத்தில் புது' மட்டுந்தான். புது என்ன என்று கேட்டவர்களுக்கு நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன். செயலாளர் நான்தானே.

நாங்கள் வட்டிக்குக் கொடுப்பவர்கள் அல்லர். தொழில் தொடங்க ஒருவருக்கு முதல் போடுவோம். லாபத்தில் பங்கு எடுப்போம். தொழில் படுத்தால் நாங்களும் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்போம். வெளிநாடுகளில் இதற்கென்றே கம்பனிகள் இருக்கின்றன, அந்தக் கம்பனிகளுக்கும் சங்கங்கள் இருக்கின்றன என்று சொல்லி எங்களைக் கிளப்பிவிட்டவர் தலைவர். வங்கி முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். வவுனியாவிலும் உறுப்பினர்கள் இருந்தார்கள். போரில் பாதை பூட்டிக் கிடந்ததால் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. அதனால் அவர்களோடு எங்களுக்கு ஒரு சண்டையும் வந்ததில்லை. என்னிடம் போடுவதற்கு முதல் இல்லை. கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் கடையில் கால் பங்கும், அதற்குப் பொருந்தாத முழு வாயும் இருந்தன. ஆகவே செயலாளர் ஆக்கினார்கள்.

சங்கத்தின் உண்மையான தலை முல்லைத்தீவுச் சம்மாட்டி. படகும் வலையும் சொந்தமாக வைத்து, ஆட்களைக் கொண்டு தொழில் செய்கிறவர். முன்பு கொக்கிளாயில் கடற்கரை வாடியும் கருவாட்டுக் கொட்டிலுமாக இருந்து, ஆமி வந்த ஒரு காலையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்த சாரத்தோடு ஓடிவந்தவர். அதன்பிறகு யார் எந்தத் தொழிலை விளங்கப்படுத்தினாலும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"எல்லாம் சரி. ஏத்தேலுமோ?"

கழற்றி ட்ரக்டர் பெட்டியில் ஏற்ற முடியுமா என்று கேட்கிறார். லாபக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். செங்கல் சூளை போட வந்தவர் அந்தக் கேள்வியோடு எழும்பிப் போய்விட்டார். சவர்க்காரம் காய்ச்ச வந்தவரோ பெரிய தாச்சியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து முதலை வாங்கிக்கொண்டு போனார்.

யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடலைக் கடந்து வந்து வன்னி நிறைந்திருந்த காலம். வானத்தில் வண்டு சுற்றத் தொடங்கியிருந்தது. ஆளில்லாத சின்ன விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அது குண்டு எதையும் போடாது; பார்த்துவிட்டுப் போகும். குண்டு போடுகிறது பிறகு வரும்.

அப்போதுதான் அந்த அக்கா எங்களிடம் வந்தார். கலவரத்தில் மலையகத்துத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். இருந்த வயல் துண்டைக் கொடுத்து, நெல்லுக் குற்றும் பழைய மெஷின் ஒன்றை வாங்கி, வாய்க்கால் ஓரத்தில் கொட்டில் போட்டு, சீமேந்தால் கட்டுப் போட்டு அதன் மேல் போல்ட் இறுக்கி வைத்திருந்தார். ஓட்டுவதற்கு எஞ்சின் இல்லை. அதற்குத்தான் எங்கள் முதலைக் கேட்டார். நாங்கள் கைவிரித்தால் வருகிற அறுவடைக்கு மெஷின் சும்மா நிற்கும். வயலும் இல்லை, மில்லும் இல்லை என்று ஆகிவிடும்.

"ஏத்தேலுமோ?" என்றார் சம்மாட்டி.

"ஏத்த மாட்டேங்க. தோட்டத்திலருந்து ஒரு மூட்டை தூக்கிட்டு வந்தோம். வவுனியாவிலருந்து இன்னொண்ணு. தூக்கித் தூக்கி கழுத்தே உள்ள போயிருச்சு. இது ஒண்ணாவது எடத்த விட்டு நகராம இருக்கட்டும்னுதான் சீமேந்தே போட்டேன்."

"ஏத்துவியோ எண்டு ஆர் பிள்ளை கேட்டது? ஏத்தேலுமோ எண்டுதான் கேட்டனான்."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஒருக்கா ஏத்திப் பாப்பம்."

சம்மாட்டி தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் வர, தெரிந்த ஒருவரின் ட்ரக்டர் பின்னால் அக்காவின் கொட்டிலுக்கு வந்தது. போல்ட்டுகளைக் கழற்றி மெஷினைத் தூக்கினோம். நான் தூக்குவது போல முகத்தை வைத்துக்கொண்டேன், மற்றவர்கள் தூக்கினார்கள். மெஷின் பெட்டியில் ஏறியது. அதோடு விட்டிருக்கலாம்.

"ஏத்தினால் மட்டும் காணாது," என்றார் தலைவர். "றோட்டு வரைக்கும் ஓடிப் பாக்கவேணும். குலுக்கத்துக்குத் தாங்குதோ எண்டு தெரியவேணும்."

அவர் உட்காரட்டும் என்று அக்கா வெளியே போட்டிருந்த கதிரையும் பெட்டியில் ஏறியது. அதில் தலைவர் வெள்ளை வேட்டியோடு அமர்ந்தார். நான் மெஷின் பெல்ட்டை மாலை போலக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். அப்படியே கிராமத்தைக் கடந்தோம்.

முற்றத்தில் மிளகாய் காயவைத்த பெண் ஒருவர் எங்களைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு மிளகாயை அள்ளத் தொடங்கினார். நான் அவருக்குச் சந்தோஷமாகக் கை காட்டினேன்.

"எங்கையப்பா போறியள்?" என்று வரம்பில் நின்ற ஒருவர் கத்தினார்.

"கனடாவுக்கு!" என்றேன்.

றோட்டைத் தொட்டுத் திரும்பி வரும்போது முதலில் சத்தந்தான் கேட்டது. இடம்பெயர்கிற சனம் கொண்டுபோவதற்காகக் கூரைத் தகரம் கழற்றுகிற சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு வீட்டில் தொடங்கி அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் போயிருந்தது. சைக்கிள்களில் நெல் மூட்டை, மூட்டைக்கு மேல் கோழிக்கூடு, அதற்கு மேல் பாய்.

நான் ட்ரக்டரிலிருந்து குதித்து ஓடினேன். "ஒண்டுமில்லை! இது ஒத்திகை! சும்மா ஏத்திப் பாத்தனாங்கள்!"

வரம்பில் நின்றவர் தகரத்தைக் கயிற்றால் வரிந்தபடி என்னைப் பார்த்தார். "முதல் போடுற ஆக்களே மில்லைக் கழட்டி ஏத்தினால்... ஏதோ தெரியாமலே ஏத்தினவை? எங்களைப் பேய்க்காட்டாதை."

"சத்தியமா அண்ணை, பகிடி இல்லை."

"நீ எப்ப பகிடி இல்லாமல் கதைச்சனீ? கனடாவுக்குப் போட்டு வா."

வாழ்க்கையில் நான் முழுதாக உண்மை சொன்ன நாள் அது. வாங்க ஒருவருமில்லை.

தலைவர் கதிரையிலிருந்து இறங்கி என்னருகே வந்தார். குரல் தணிந்திருந்தது. "தம்பி, இவ்வளவு சனமும் வெளிக்கிடுது. சும்மா வெளிக்கிடுமே?"

"ஐயா, எங்களைப் பாத்துத்தானே வெளிக்கிடுதுகள்!"

"அது தெரியும். எண்டாலும்..."

சம்மாட்டி ஏற்கெனவே மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். "எதுக்கும் ஒருக்கா வீட்டைப் போட்டு வாறன்" என்றவரின் முகம், கொக்கிளாயில் அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்பதை எனக்குக் காட்டியது.

அக்கா ட்ரக்டருக்கு முன்னால் வந்து நின்றார். "எறக்கிட்டுப் போங்க."

மெஷினைக் கட்டின் மேல் இறக்கி வைத்தோம். அதே பெட்டியில் இரண்டு குடும்பங்களும் தலைவரும் ஏறிப் போனார்கள். கதிரையை மறந்து கொண்டுபோய்விட்டார்கள்.

நான் நின்றது வீரத்தால் அல்ல. என் சைக்கிளை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பொழுது சரிந்தபோது கிராமத்தில் கூரையில்லாத சுவர்களும், எங்கே போவதென்று தெரியாத நாய்களும், அக்காவும் நானும் இருந்தோம். மேலே வண்டு இரைந்தது. வடக்கே பளைப் பக்கமிருந்து ஏதோ ஒன்று விழுந்தது போல ஒரு சத்தம்.

"இடியாக்கும்," என்றேன்.

"வானம் வெளிச்சமாத்தானே இருக்கு," என்றார் அக்கா. பிறகு கேட்டார்: "தம்பி, ஏத்தியாச்சு. நான் பாஸா, பெயிலா?"

அந்த இடத்திலேயே சங்கக் கூட்டத்தைக் கூட்டினேன். நானே முன்மொழிந்தேன், வலப்பக்கமிருந்து இடப்பக்கம் மாறி நின்று நானே வழிமொழிந்தேன். எதிர்த்து ஒருவரும் இல்லை. "எஞ்சின் வரும் அக்கா. முதல்ல தலைவர் வரட்டும்."

அவர் சிரிக்கவில்லை. ஸ்பனரை எடுத்தார். நட்டுகளை இறுக்க நானும் உதவினேன். கடைசி நட்டை மட்டும் கையால் திருகி, இறுக்காமல் விட்டேன்.

"இது ஆடுது, தம்பி."

"கிடக்கட்டும் அக்கா. ஒரு அவசரத்துக்கு..."

அவர் ஸ்பனரைக் கொளுவி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அந்த நட்டைக் கிறீச்சிட இறுக்கினார்.

சனம் மறுநாளே திரும்பி வந்து, தகரத்தைப் போட்டுவிட்டு, என்னைத் தேடித் தேடி ஏசியது. என் தீர்மானத்தைத் தலைவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஏற்றார். எஞ்சின் ஏற்றக்கூடியது என்பதால் சம்மாட்டியும் கையைத் தூக்கினார். அறுவடைக்கு மில் ஓடியது. செயலாளர் என்ற முறையில் அடிக்கடி போய்ப் பார்ப்பேன்; அக்கா தருகிற தேத்தண்ணி நல்லாயிருக்கும் என்பது இரண்டாவது காரணம். மில் ஓடும்போது சீமேந்துக் கட்டு மெல்ல அதிரும். அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பெருமைதான், வேறென்ன.

ஒரு நாள் மத்தியானம் குற்ற வேண்டிய மூட்டைகள் முடிந்து, அக்கா எஞ்சினை நிறுத்தினார். பெல்ட் சுற்றி ஓய்ந்தது. தவிட்டுத் தூசி கீழே இறங்கியது. நான் கட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"அக்கா, எஞ்சினை நிப்பாட்டிட்டியளோ?"

"நிப்பாட்டிட்டேனே. ஏன் தம்பி?"

நான் பளைப் பக்கம் பார்த்தேன். அவரும் வந்து தன் கையைச் சீமேந்தின் மேல் வைத்தார். அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.