தெற்கே பார்த்த தகரச் சேவல்

பர்மாவில், தாகேதாவில் இருந்த எங்கள் வீட்டுக் கூரைமேல் ஒரு தகரச் சேவல் நின்றது. காற்று வரும் பக்கம் அலகைத் திருப்பும் சேவல். பினாங்குக்கு வேலைக்குப் போகுமுன் பாமாயில் டின்னை வெட்டி அப்பா செய்தது. கொண்டைக்குச் சிவப்பும் கழுத்துக்கு மஞ்சளும் பூசியிருந்தார். பெயிண்ட் தீர்ந்துபோனதால் வாலில் டின்னின் பர்மிய எழுத்துகள் பாதி பாதியாகத் தெரியும். கண் என்பது ஆணியால் அடித்த ஓட்டை. கீழிருந்து பார்த்தால் அதில் ஒரு பொட்டு வானம் இருக்கும். அதைவிட அழகான பொருளை நான் பார்த்ததில்லை. பார்த்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நாட்களில் அப்பாவை நினைத்தால் எனக்கு முகம் வராது, அந்த வால்தான் வரும்.

அம்மாவுக்கு அது முருகன் கொடியில் இருக்கும் சேவல். காலையில் குளித்து வந்து கும்பிடுவாள். தகரத்துக்குக் கற்பூரம் காட்டிவிடாதே, சூடு தாங்காது என்று அப்பா போனில் கேலி செய்வார். எப்போது வருகிறீர்கள் என்று அவள் கேட்பாள். அடுத்த திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு என்பார். அப்படி மூன்று திஞ்ஜான் போயிருந்தது.

எங்கள் பள்ளிக்கூட டீச்சர், நாங்கள் சயாமா என்று கூப்பிடுவோம், நன்றாகப் படம் வரைவார். ஒருநாள் தெருவில் போனவர் சேவலைப் பார்த்து நின்றுவிட்டார். வாலின் வளைவை மட்டும் இரண்டு தடவை வரைந்தார். செய்தவர் கோழி வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு காற்றடிக்கிறதே, ஏன் திரும்பவில்லை என்று அடுத்துக் கேட்டார். அப்பாவின் மானம் கப்பலேறிவிட்டதாகத் தோன்றியது எனக்கு.

மறுநாள் அம்மா சந்தைக்குப் போனதும் ஏணி வைத்து ஏறினேன். சேவலின் காலையும் கம்பத்தையும் சேர்த்து மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருந்தது. கூடு கட்ட வந்த காக்கையின் வேலை என்று நினைத்து, அப்பாவின் குறட்டால் அறுத்துப் போட்டேன். தையல் மெஷின் எண்ணெயும் விட்டேன். வாடைக் காற்றில் சேவல் கிறீச்சிட்டுச் சுழன்று, தெற்குக்கு முதுகைக் காட்டி நின்றது.

அம்மா கூடையோடு வாசலில் நின்று மேலே பார்த்தாள். காக்கை கட்டின கம்பியை எடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"பினாங்கு எந்தப் பக்கம்னு தெரியுமாடி ஒனக்கு?" என்றாள்.

தெரியாது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. அதனால் அவளுக்குச் சந்தோஷம் என்றே நினைத்துக்கொண்டேன். அப்பா இருக்கும் திசையைப் பார்க்கவைத்து அவளே ஏறிக் கட்டிய கம்பி அது என்று எனக்குத் தெரியவில்லை. காக்கைக்கு முடிச்சுப் போடத் தெரியாது என்பதுகூடத் தோன்றவில்லை. நான் அறுத்த கம்பியில் மூன்று முடிச்சு இருந்தது.